பட்டா இல்லாத குடிகள்

சுரங்கம் தோண்டிய நிலத்தை மீட்கும் வித்தையை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பந்தல், ஒரு மந்திரி, முன்கூட்டியே வெட்டி வைத்த குழி, ஒரு மரக்கன்று, மந்திரி கை கழுவ ஒரு சொம்புத் தண்ணீர். சொம்பில் மிச்சமிருந்தால் கன்றுக்கும் உண்டு. தலைக்கு மேல் ட்ரோன் சுற்றும். படத்தில் பச்சை விழுந்துவிட்டால் மண் பிழைத்துவிட்டது.

உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் முளைக்க வேண்டும், தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வாழ வேண்டும் என்று குத்தகைதாரர்களுக்கு நிபந்தனை போடச் சொல்லி 2020 ஜனவரி 8-ஆம் தேதி உத்தரவிட்டது. உயிரினம் என்றால் நம் அதிகாரிகளுக்கு மயில் ஞாபகம் வரும். மயில் படத்தில் விழும். மண்ணுக்குள் இருக்கும் நூற்புழு விழாது.

பூமியிலுள்ள விலங்குகளைத் தலைக்கணக்கு எடுத்தால் ஐந்தில் நான்கு நூற்புழுதான். கத்தரிக்கும் தக்காளிக்கும் வேர்முடிச்சு போடும் திருட்டுக் கூட்டத்தை மட்டுமே விவசாயிக்குத் தெரியும். மீதிப் பேர் பாக்டீரியாவைத் தின்று, பூஞ்சையை உறிஞ்சி, ஒருவரையொருவர் வேட்டையாடி, போகிற போக்கில் பயிருக்குத் தழைச்சத்தை விடுவிக்கிறார்கள். 1990-இல் நெதர்லாந்தின் புழு ஆய்வாளர் டாம் போங்கர்ஸ் இவர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டார். ஒன்று வாங்கும் கூட்டம், அழுகல் கண்ட இடத்துக்குப் பாய்ந்து வந்து, சில நாளில் பெருகி, தீனி தீர்ந்ததும் ஒடுங்கிவிடும். (கட்சிப் பெயர் எதையும் நான் சொல்லவில்லை.) ஐந்து வாங்குவோருக்கு உடம்பு பெரிது, முட்டை குறைவு, ஆயுள் நீளம், மண்ணைக் குலைத்தால் முதலில் சாவதும் கடைசியில் திரும்புவதும் அவர்களே. செக் நாட்டின் சொகொலோவ் பழுப்பு நிலக்கரி மண்மேடுகளில் லாதிஸ்லாவ் ஹானெல் என்ற ஆய்வாளர் உட்கார்ந்து எண்ணியது இந்தத் திரும்பி வருதலைத்தான். அது ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் அடங்குகிற வேலையல்ல.

மீட்ட மண்ணில் புழு திரும்பியதா என்று பார்க்கும் சோதனைக்கு என்ன செலவு? ஒரு புனல், அதன் காம்பில் ரப்பர் குழாய், குழாய்க்கு ஒரு கிளிப். புனலில் தண்ணீர் நிரப்பி, மெல்லிய துணியில் ஒரு பிடி மண்ணை வைத்து நனைய விட்டால், விடிவதற்குள் புழுக்கள் நழுவி அடியில் சேர்ந்துவிடும். கிளிப்பைத் தளர்த்தி, சொட்டு நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். மந்திரிக்குப் போர்த்திய பொன்னாடை இதைவிட விலை அதிகம். ஆனால் பொன்னாடை பதில் பேசாது, புழு பேசிவிடும். சுரங்க மூடல் திட்டப் படிவத்தில் புழுவுக்கு ஒரு கட்டம் இல்லாதது மறதி என்று நான் நம்பவில்லை.

நெய்வேலிக்கு வாருங்கள். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணும் களியும் மணற்கல்லும் வாரிக் கொட்டப்படுகின்றன. செம்மண்ணில் குடியிருந்த புழுக்களுக்குப் பட்டா கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது. ஆகவே இழப்பீடும் கிடையாது. சட்டப்படி சரிதான்.

பட்டா வைத்திருந்தவர்கள் என்ன கண்டார்கள்? 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் கால்வாய் வெட்ட வந்த பொக்லைன்கள், கதிர் பிடிக்கிற நெல்லுக்குள் இறங்கின. சுற்றிலும் போலீஸ். அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. முடியாதாம் சுரங்க நிறுவனத்துக்கு. நிலத்தை எப்போதோ எடுத்தாகிவிட்டது, பயிர் வைத்தவர்கள்தான் அத்துமீறியவர்களாம். அறுபது ஆண்டுக்கு மேல் பூமியைக் குடைகிறவர்களுக்கு அறுபது நாள் பொறுமை இல்லை!

கண்ணெதிரே ஆறடி உயரத்தில் நின்று, தொண்டை கிழியக் கத்திய மனிதரே இவர்கள் கண்ணில் படவில்லை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற, சத்தமே போடாத ஒரு ஜந்துவுக்காக நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த மேசையில் கொடுப்பது என்று கேட்டால், வனத்துறை என்கிறார்கள். வனத்துறையில் கேட்டால், கன்று நட்டால் மட்டும் வாருங்கள் என்கிறார்கள்.