சிவப்புப் பட்டை வைத்தியர்

மீமுரேக்குத் திரும்பும் ஹுன்னஸ்கிரியச் சந்தி என்றில்லை, கண்டி – மஹியங்கனை வீதியில் போட்டோ கொப்பி மெஷின் நிற்கிற ஊரிலெல்லாம் இவர் இருப்பார். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார், லேமினேட் செய்வார், ரீலோட் போடுவார். மனசு மட்டும் சி டிரைவ் நிறைந்தால் காட்டும் சிவப்புப் பட்டையிலேயே இருக்கும்.

"இடமே இல்லைங்குது தம்பி. நான் ஒண்ணும் போடல."

"வைரஸ் டீச்சர்!"

லெப்டொப்பை இன்னும் திறக்கவில்லை.

திறந்ததும் சி டிரைவில் கண்ணில் படும் ஃபோல்டரையெல்லாம் தெரிவு செய்து கூட்டுவார். 62 ஜிபி. விண்டோஸோ 118 போயிற்று என்கிறது. அதுகூடப் பரவாயில்லை; 128 என்று விற்ற டிரைவுக்கு மொத்தமே 119தான் காட்டுகிறது. விற்பவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. நம்மவர் கணக்கில் அது கம்பனிக்காரன் அடித்த கொமிஷன்.

மீதி 56 எங்கே? மெஷின் உறங்கப்போகுமுன் ரேமில் உள்ளதை எழுதிவைக்கும் கோப்பு, பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் சேர்த்துவைக்கும் ரீஸ்டோர் பொயின்ட் எல்லாம் மறைந்தே கிடக்கும். தெரிவு செய்து கூட்டினால் கணக்கில் வராது. மறைந்ததைக் காட்டு என்று ஒரு டிக் போட்டு, சிஸ்டம் கோப்புகளை மறை என்ற டிக்கையும் எடுத்துவிட்டால் பாதி வழக்கு தீரும். செய்யமாட்டார். அவர் பார்வை டீச்சரின் பாட்டுகள் மேல். ஒவ்வொன்றும் நாலு எம்பி.

"ஐயோ, அது மட்டும் வேணாம் தம்பி."

"பயப்படாதீங்க, சேஃப்டிக்கு ஒரு கொப்பி வச்சிட்டுத்தான் அழிப்பேன்."

வைப்பதும் அதே சி டிரைவில்தான். 'டீச்சர் பேக்கப்.' தெரியாமல் அழித்துவிடக் கூடாதே என்று அதை மறைத்தும் வைப்பார். அடுத்த முறை 'டீச்சர் பேக்கப் புதுசு'. பழையதும் அதற்குள் அடக்கம். கொப்பியாகும் பச்சைக்கோடு ஐந்து நிமிடம் என்று சொல்லி, பிளேன்டீ வந்து சேருமுன் இரண்டு மணித்தியாலம் என்று மாற்றிச் சொல்லும். "மெஷின் யோசிக்குது," என்பார். தற்காலிகக் கோப்புகளையும் முதலிலேயே அழித்திருப்பதால், கூலி வாங்கும்போது பட்டை நீலமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் தாங்கும்.

ஏ.எல். படிக்கும் டீச்சரின் மகள் ஒருநாள் வின்டிர்ஸ்டாட்டை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டாள். பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம் என்று வண்ணம் வண்ணமாக வரைந்து காட்டும் மென்பொருள் அது. திரையில் முக்கால்வாசியை அடைத்து நின்றது 'டீச்சர் பேக்கப் கடைசி'. டீச்சரோடு கடைக்கே கொண்டுபோய்க் காட்டினாள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"பார்த்தீங்களா டீச்சர், வைரஸ் உங்க பேர்லயே வந்திருக்கு. இருங்க, சேஃப்டிக்கு முதல்ல இதை ஒரு கொப்பி எடுத்துக்கிறேன்."