விலை இறங்கிய டிக்கெட்

விமான டிக்கெட் எடுத்த பிறகு அதே பயணத்தின் விலை குறைந்தால், முன்பே பணம் கட்டியவருக்கு ஏற்படும் நட்டத்தை ஈடுகட்டும் ஏற்பாட்டை விலைச்சரிவுப் பாதுகாப்பு எனலாம். நட்டம் இருவகைப்படும். முதலாவது பணம், அது பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இரண்டாவது, விலை இறங்கிய செய்தி மைத்துனருக்குத் தெரிந்துவிடுவது. இதற்கு உலகில் எங்கும் பாதுகாப்பு கண்டுபிடிக்கப்படாததால், முதலாவதை மட்டுமே இங்கே பார்க்க முடியும்.

திண்டுக்கல்லில் இந்த நட்டம் சற்றுக் கூடுதலாகவே உணரப்படுகிறது. காரணம், ஊரில் விமான நிலையம் இல்லை. மதுரை விமான நிலையம் சுமார் 75 கிலோமீட்டர், திருச்சி சுமார் 100, கோவை சுமார் 150. விமான நிலையம் உள்ள ஊர்க்காரர் ஒரு விலையைப் பார்த்து வருந்துவார்; திண்டுக்கல்காரருக்கு மூன்று விலைகளைப் பார்த்து வருந்தும் வசதி உண்டு. மதுரையில் டிக்கெட் போட்ட அன்று இரவே திருச்சி விலையைத் தேடிப் பார்ப்பவர்கள் ஏராளம். ஐநூறு ரூபாய் குறைவு என்பதற்காகத் திருச்சிக்குப் போய், வாடகைக் காருக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு. கார் வாடகை கணக்கில் வராது. அது ரோட்டுச் செலவு.

விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பதைப் படிக்க, திண்டுக்கல், நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுகளை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. மல்லிகைக்கு வரத்தைப் பொறுத்து ஒரு விலை, முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஒரு விலை. மார்கழிப் பனியில் மொட்டு குறைந்தால் கிலோ ஆயிரங்களில் நிற்கும். கோடையில் வரத்து பெருகினால் நூறுகளுக்கு இறங்கிவிடும். நேற்று இரண்டாயிரத்துக்கு வாங்கியவர் இன்று வந்து, “இறங்கிப்போச்சே, மிச்சத்தைக் குடுங்கண்ணே” என்று கேட்டால், மார்க்கெட் முழுவதும் ஒரு நிமிடம் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும். விமான இருக்கையும் மல்லிகையைப் போல வாடும் சரக்குதான். கதவு சாத்திய பிறகு காலி இருக்கைக்குப் பத்துப் பைசா பெறுமானம் இல்லை.

ஆனால் ஒரு வேறுபாடு, அதுவே முக்கியமானது. பூக்காரர் பொழுது சாயச் சாய விலையைக் குறைப்பார். விமான நிறுவனம் பெரும்பாலும் நாள் நெருங்க நெருங்க ஏற்றும். பொழுது சாய்ந்து பூ வாங்க வருகிறவர் வாங்காமலும் போவார். கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்க வருகிறவருக்கு வேறு வழியில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர், அல்லது கம்பெனிப் பணத்தில் போகிறவர். வெங்காய மண்டியில் தேறிய திண்டுக்கல்காரர்கள், “இருங்க, கடைசியில தானா இறங்கும்” என்று காத்திருந்து ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்தத் தலைகீழ் ஏலத்தின் கணக்கை 1972-இல் எழுதியவர் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யில் பணியாற்றிய கென்னத் லிட்டில்வுட். முழு விலை கொடுக்கக்கூடியவர் பின்னால் வருவார் என்ற வாய்ப்பையும் அவர் தரும் பணத்தையும் பெருக்கிப் பார். அதைவிடக் கூடுதலாகத் தந்தால் மட்டும் முன்னால் வந்த மலிவு விலைக்காரருக்கு இருக்கையைக் கொடு. அவ்வளவுதான் விதி. 1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியதும் இது தொழிலின் இதயமாயிற்று. இந்தியாவில் 1953-ஆம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் 1994-இல் நீக்கப்படும்வரை விலை அரசின் கையில் இருந்தது. அக்காலத்தில் விலைச்சரிவுக் கவலை யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. விமானத்தில் ஏறுகிறவரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் போன காலம் அது. வேன் வாடகைதான் கவலை.

ஒரு விமானத்தின் எக்கானமி இருக்கைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலம். முழங்கால் இடிப்பதும் ஒன்றுபோலவே. கணினியில் மட்டும் அவை பல விலைப் படிகளாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்து, இத்தனை இருக்கை என்ற அளவு. கீழ்ப்படி தீர்ந்தால் அடுத்த படி. விற்பனை மந்தமானாலோ, போட்டி நிறுவனம் இறக்கினாலோ, மொத்தமாகப் போட்ட கூட்டம் ஒன்று ரத்து செய்தாலோ மூடிய கீழ்ப்படி மறுபடி திறக்கும். டிக்கெட் எடுத்தவரின் வயிற்றெரிச்சல் அந்த நொடியில் தொடங்குகிறது.

அடிக்கடி தேடினால் ஃபோன் கவனித்து விலையை ஏற்றிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இதனால் தேடிய தடத்தை அழிப்பது, மனைவியின் ஃபோனில் பார்ப்பது, வெள்ளிக்கிழமை பார்க்காமலிருப்பது போன்ற சடங்குகள் தோன்றியுள்ளன. பெரும்பாலும் நடப்பது எளிமையானது: பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இதைவிடப் பயனுள்ள ஒரு தகவல் உண்டு. கீழ்ப்படியில் மூன்று இருக்கைகளே மீதமிருக்க, நான்கு பேருக்குச் சேர்த்துக் கேட்டால், கணினி வழக்கமாக நால்வரையும் மேல்படிக்கு ஏற்றிவிடும். மூவரைத் தனியாகவும் ஒருவரைத் தனியாகவும் போட்டால் மூவருக்குக் குறைந்த விலை கிடைக்கலாம். அந்த ஒருவர் யார் என்பதைக் குடும்பம் கூடி முடிவு செய்ய வேண்டும்.

ரயிலில் இந்தத் தொல்லை இல்லை. 1977 முதல் திண்டுக்கல் வழியாக ஓடும் வைகை எக்ஸ்பிரஸில் அடுத்தடுத்த இருக்கைக்காரர்கள் வெவ்வேறு நாளில் டிக்கெட் எடுத்திருந்தாலும் ஒப்பிட்டு வருந்த வழியில்லை. ஆகவே ஆயக்குடிக் கொய்யாவை யார் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பரில் வந்த விலையேற்ற முறையிலும் பத்து சதவீத இடம் விற்க விற்க விலை ஏறும் என்பதுதான் ஏற்பாடு. முந்தியவருக்கு நிம்மதி.

விலைச்சரிவிலிருந்து இந்தியப் பயணிக்கு அரசாங்கமே ஓரளவு பாதுகாப்பு தந்த காலமும் உண்டு. கொரோனா ஊரடங்குக்குப் பின் 2020 மே 25-இல் உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, விலைக்கு மேல்வரம்போடு கீழ்வரம்பும் விதிக்கப்பட்டது. 40 நிமிடத்துக்குட்பட்ட பயணத்துக்கு அப்போது 2,000 முதல் 6,000 ரூபாய் வரை. அடிமட்ட விலைக்கு எடுத்தவர் நிம்மதியாகத் தூங்கலாம்; அதற்குக் கீழே இறங்கினால் சட்டவிரோதம். 2022 ஆகஸ்ட் 31-இல் இந்த வரம்புகள் நீக்கப்பட்டன.

இப்போது பயணிக்கு உண்மையாகக் கைகொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிகளில் உள்ள யோசனை நேரம்தான். பயணத்துக்கு ஏழு நாளாவது முன்னதாக எடுத்த டிக்கெட்டை, எடுத்த 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்யவோ மாற்றவோ இது வழி தந்தது. இதை 48 மணி நேரமாக்கும் வரைவு 2025 நவம்பரில் வெளியானது. எந்த மணிக்கணக்கு, எத்தனை நாள் என்பதை டிக்கெட் போடும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. இடைத்தரகுத் தளத்தில் எடுத்தால் அவர்கள் பிடிக்கும் ‘வசதிக் கட்டணம்’ இந்த வசதிக்குள் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யோசனை நேரம் தாண்டிவிட்டால் கணக்கு கசக்கும். எடுத்துக்காட்டாக 5,600 ரூபாய்க்கு எடுத்த டிக்கெட் 4,400-க்கு இறங்கினால் மிச்சம் 1,200. ரத்துக் கட்டணம் 3,000 என்றால், மிச்சம் பிடிக்கப் போனவர் 1,800 ரூபாயை விட்டுவிட்டு வருவார். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையை ரத்துக் கட்டணம் தாண்டக் கூடாது என்பது விதி. ஆறுதலான விதிதான், ஆனால் டிக்கெட்டின் பெரும்பகுதியே அந்த இரண்டும்தான்.

இதை எழுதுகிறவர் ஒருமுறை சென்னைக் கல்யாணத்துக்கு எடுத்த டிக்கெட்டின் விலை மறுநாள் இறங்கியதைக் கண்டு, ஆத்திரத்தில் பழையதை முதலில் ரத்து செய்துவிட்டுப் புதியதை எடுக்கப் போனார். அதற்குள் விலை பழையதையும் தாண்டியிருந்தது. ரத்து செய்தது 25-வது மணி நேரத்தில் என்று பெயர் சொல்ல வேண்டாத அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பெண் மிகுந்த பணிவோடு தெரிவித்தார். கல்யாணத்துக்கு இதை எழுதுகிறவர் வைகை எக்ஸ்பிரஸில் போனார். புதிய விலை கையில் உறுதியான பிறகே பழையதைத் தொட வேண்டும் என்ற ஒழுங்கு அன்று முதல் அந்த வீட்டில் நடைமுறையில் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த வயிற்றெரிச்சல் ஆராய்ச்சியாகவும் தொழிலாகவும் வளர்ந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓரன் எட்சியோனி தம்பி கல்யாணத்துக்கு விமானத்தில் போனபோது, பின்னால் எடுத்த சக பயணிகள் குறைவாகக் கொடுத்திருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நம்மூரில் என்றால் கல்யாணப் பந்தியில் புலம்பித் தீர்த்திருப்பார்கள். அவர் 41 நாள் சேகரித்த 12,000-க்கு மேற்பட்ட விலைகளை வைத்து விலையைக் கணிக்கும் முறையை உருவாக்கி, 2003-இல் ஆய்வுக் கட்டுரையாக்கினார். அதிலிருந்து பிறந்த ஃபேர்காஸ்ட் நிறுவனத்தை 2008-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதே சியாட்டிலில் தோன்றிய யாப்டா, வாங்கிய டிக்கெட்டின் விலையைக் கண்காணித்து, இறங்கினால் தகவல் சொன்னது. 2020-இல் அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் பல டிக்கெட்டுகளுக்கு மாற்றுக் கட்டணத்தை நீக்கியதால், விலை இறங்கினால் வித்தியாசத்தை அடுத்த பயணத்துக்கான வரவாகப் பெறுவது அங்கே எளிதாயிற்று. அந்த வரவைக் கொண்டு மறுபடி அவர்களிடமே டிக்கெட் வாங்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

நம் நாட்டுப் பயணத் தளங்கள் விலைப் பூட்டு விற்கின்றன. ஒரு சிறு தொகை கட்டினால் சில நாளைக்கு விலை ஏறாமல் பூட்டி வைப்பார்கள். பூட்டைப் பற்றித் திண்டுக்கல்லுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு இந்த ஊருடையது. இங்கே செய்யும் பூட்டை வாங்கினால் சாவி வாங்கியவரிடம் இருக்கும். விலைப் பூட்டின் சாவி விற்றவரிடமே இருக்கிறது. மேலும் அது டிக்கெட் எடுக்கும் முன் விலை ஏறாமல் காப்பது. எடுத்த பின் இறங்குவதற்கு அதனால் பயனில்லை. அதற்குப் பொருந்துவது கூடுதல் பணம் கட்டி வாங்கும் இலவச ரத்துச் சலுகை. விலை இறங்கினால் ரத்து செய்து மறுபடி எடுக்கலாம். சலுகையின் விலை, எதிர்பார்க்கும் சரிவைவிடக் குறைவா, திரும்பும் பணம் வங்கிக் கணக்குக்கு வருமா அல்லது அந்தத் தளத்தின் பைக்குள்ளேயே தங்குமா என்ற இரண்டு கேள்விகளும் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை.

எதுவும் கைகூடாவிட்டாலும் ஒன்று மிஞ்சும். பணம் திரும்பாது என்று அச்சிட்ட டிக்கெட்டை ரத்து செய்தாலும், வாடிப்பட்டியில் டயர் பஞ்சராகி விமானத்தையே தவறவிட்டாலும், அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் பயணிக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது விதி. பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டு வாங்குங்கள்.