மறக்கவும் சொல்லிக்கொடு, பேராண்டி

ஏண்டா பேராண்டி, திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில படிச்சுட்டு, திண்ணையில உக்காந்தபடி அமெரிக்காக்காரனுக்கு கோட் எழுதுறே, சந்தோஷம். ஆனா கோட் எழுத உதவுற அந்த கிளாட் ஏஐகிட்ட தினம் காலையில "நம்ம டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்"னு பாடம் ஒப்பிச்சியே, யாருக்கு யாருடா வேலைக்காரன்?

இப்ப அதுக்கு ஞாபகசக்தி வந்துருச்சுங்கிறே. எங்கே, காட்டுன்னா, கிளாட்.எம்டின்னு ஒரு ஃபைலைக் காட்டுறே. அட, இவ்வளவுதானா! மூளையில ஒண்ணும் ஏறல. செஷன் தொடங்குறப்பல்லாம் அந்தக் கடுதாசியைப் படிச்சுட்டு, நேத்தே தெரிஞ்ச மாதிரி பேசுது. கெட்டிக்காரப் பயதான், உங்கப்பனுக்கு அதுவும் வராது.

கடுதாசியோட மகிமை காரைக்கால்காரனுக்குத் தெரியாதா? பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்த ஊரு 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி இந்தியாவோட சேர்ந்துச்சு. இங்க பொறந்து இங்கயே இருந்தவங்கள்ல, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தவன் பிரெஞ்சுக்காரனாவே இருந்தான். சும்மா இருந்தவன் இந்தியன் ஆனான். ஒரே தெரு, ஒரே மீன்குழம்பு!

இன்னைக்கும் சொல்தா வீட்டு, அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்க வீட்டுப் பிள்ளைங்க பிறப்புப் பதிவைப் பாரு. கல்யாணம் ஆனா பழசை அழிக்க மாட்டான் பிரெஞ்சுக்காரன். ஓரத்துல தேதி போட்டு, இன்னாரைக் கட்டினார்னு சேர்த்து எழுதுவான். உன் ஃபைல்ல ஓரமும் இல்ல, தேதியும் இல்ல. எப்பவோ நீ தூக்கிப்போட்ட லைப்ரரியை இன்னும் "இதைத்தான் போடணும்"னு சொல்லுது. மறதிக்காரன் கேட்டுக்கிட்டாவது செய்வான். தப்பா ஞாபகம் வச்சிருக்கிறவன் கேட்காமலே செஞ்சு முடிச்சுருவான்.

கண்டதையும் வேற அதுல கொட்டி வச்சிருக்கே. அத்தனையையும் ஒவ்வொரு தடவையும் படிக்கணும், படிக்கிற டோக்கனுக்கும் கணக்கு உண்டு. நீளம் கூடக்கூட முக்கியமான கட்டளையைக் கோட்டை விட்டுரும். போதாததுக்கு பாஸ்வேர்டையும் எழுதியிருக்கே! ஃபைல் கிட் ரெப்போவுல ஏறினா டீமே படிக்கும். சலூன்ல சொல்லியிருந்தாலாவது ஊரோட நின்னுருக்கும்.

அதனால சாமி, கொஞ்சமா எழுது. ஒவ்வொரு வரிக்கும் தேதியும் காரணமும் போடு. மாசம் ஒருதரம் உக்காந்து, செல்லாததை அடி. பாஸ்வேர்டை அங்க வைக்காதே. ஞாபகம் வச்சுக்க ஒரு ஃபைல் போதும். எதை மறக்கணும்னு முடிவு பண்ணத்தான் உனக்குச் சம்பளம்.