கவிதைக்கு எதுக்குலே ஜாதகம்?

வாலே, இப்படி உக்காரு. திண்ணை ஒண்ணும் உன்னக் கடிச்சுராது. அந்தப் போனை மட்டும் கொஞ்சம் கவுத்தி வை.

நேத்து சாயங்காலம் கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். நம்ம தெக்குத்தெருக் கவிஞன் இந்த வருசம் ரெண்டு பொஸ்தகம் போட்டிருக்கான்லா, அதுக்குக் கூட்டம். மண்டப வாசல்ல ஃபிளெக்ஸ் கட்டியிருந்தான். ஆளுயரப் படம். கன்னத்துல கை, பார்வை எங்கேயோ. கன்னத்துல கை வச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்க ஆத்தா வெளக்குமாத்த எடுப்பா. இப்ப அப்படி வச்சாத்தான் கவிஞனாம். படத்துக்குக் கீழ கொட்டை எழுத்துல, ‘என் புதிய நூல்களும் அவற்றின் ஊற்றுக்கண்களும்’.

ஊத்துக்கண்ணுன்னா என்னன்னு தெரியுமாலே உனக்கு? நீ குழாய்த் தண்ணியில வளந்த பய. நான் கரிசக்காட்டுல கெணறு வெட்டியிருக்கேன். அறுவது அடி எறங்கி, பாறையில வெடி வச்சு, ஓரமா ஒரு எடத்துல ஈரம் கசியும் பாரு, அதுதான். கெணத்துக்காரன் வந்தவன் போனவனுக்கெல்லாம் அதயா காட்டுவான்? தண்ணிய மொண்டு குடுப்பான். உப்பா, நல்ல தண்ணியான்னு குடிச்சவன் சொல்லிட்டுப் போறான்.

நம்ம ஆளு தண்ணியே குடுக்கல. ஒண்ணேகால் மணி நேரமும் ஊத்துக்கண்ணத்தான் காட்டுனான்.

ஒவ்வொரு கவிதைக்கும் ஜாதகம் வாசிச்சான்னு வச்சுக்கோ. பொறந்த நேரம், பொறந்த எடம், அப்ப மழையா வெயிலா, பக்கத்துல காப்பி இருந்துச்சா ஆறிப்போச்சா. ஏழு வரிக்கு இருவது நிமிசம். பிரபஞ்சத்தோட தனிமையப் பத்தி ஒரு கவிதை. நெருடான்னு சிலி நாட்டுக்காரரு, 1971-ல நோபல் பரிசு வாங்குனவரு, அவரப் படிச்சுட்டு நடுராத்திரியில வானத்தப் பாத்தானாம். அண்டம் அப்படியே அவனுக்குள்ள எறங்குச்சாம். முன்வரிசையில ஒரு பொண்ணு கண்ணத் தொடச்சுது. நான் துண்ட எடுத்து வாயில வச்சுக்கிட்டேன். சிரிப்ப அடக்கணும்லா?

அந்த ராத்திரி எனக்குத் தெரியாதா? ரெண்டாவது ஆட்டம் பாத்துட்டு வந்தவனுக்கு அவங்க அப்பன் கதவத் தெறக்க மாட்டேனுட்டான். இந்தத் திண்ணையிலதான் வந்து படுத்தான். இப்ப நீ உக்காந்திருக்கியே, அதே எடம். போர்வை குடுத்தது நான். கரண்டு இல்ல. கொசு ஆளத் தூக்கிட்டுப் போவுது. வானத்த எங்கலே பாத்தான்? தலையோட இழுத்துப் போத்திக்கிட்டுல்லா கெடந்தான். கவிதையில அண்டம் இருக்கு, நட்சத்திரம் இருக்கு, தூரத்துல ஒரு நாய் கூட ஊளையிடுது. கொசுவத்தான் காணோம். அப்பன் சாத்துன கதவையும் காணோம். அந்தக் கதவ எழுதியிருந்தான்னா நானும் கண்ணத் தொடச்சிருப்பேனே.

நான் கவிஞனுக்குப் பகையாளின்னு நெனச்சுக்கிடாத. 1970-கள்ல ஆறு வருசம் ஒரு அச்சாபீஸ்ல கம்பாசிட்டரா இருந்தவன் நான். இடது கையில ஸ்டிக்கு, வலது கையால கேஸ்ல இருந்து எழுத்து எழுத்தாப் பொறுக்கிக் கோக்கணும். எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி இருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்தா கையில ஈயமும் மண்ணெண்ணெயும் மணக்கும். சோத்துலயும் அதே வாடை. பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி. அதனால புதுக்கவிதை வந்தா எங்களுக்குக் கொண்டாட்டம், வரிக்கு ரெண்டே சொல்லு பாரு. ஆனா ஒண்ணு. காயிதத்துல நீ வெத்தெடம்னு பாக்கியே, அச்சுல அதுக்கும் ஈயம் உண்டு. எழுத்த விட உசரம் கொறஞ்ச கட்டை, மை படாது, அம்புட்டுதான். பக்கத்தக் கட்டித் தூக்குனா, கதைப் பக்கம் என்ன கனமோ கிட்டத்தட்ட அதே கனம் கவிதைப் பக்கமும்.

ஒரு தடவ ஒரு கவிஞர் புரூஃப் பாக்க வந்தாரு. பேரு வேண்டாம். ஒரு சொல்லக் காட்டி, இதக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிப் போடுங்கன்னாரு. எதுக்கு சார்னு கேட்டேன். ‘அங்கன ஒரு மூச்சு வாங்குது தம்பி’ன்னாரு. முழுப் பொஸ்தகத்துக்கும் அவரு சொன்ன விளக்கம் அது ஒண்ணுதான். எனக்கும் வெளங்கிட்டு. கட்டைய எடுத்துப் போட்டேன்.

சி.சு.செல்லப்பான்னு வத்தலக்குண்டுக்காரர் ஒருத்தர் இருந்தாரு. 1959-ல ‘எழுத்து’ பத்திரிகை ஆரம்பிச்சு, சீண்டுவாரில்லாமக் கெடந்த புதுக்கவிதைக்குத் திண்ணை போட்டுக் குடுத்தவரு. 1962-ல ‘புதுக்குரல்கள்’னு தொகுப்பு கொண்டுவந்தாரு. பொஸ்தக மூட்டையத் தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா ஏறி எறங்குனாரு. தோள்ல மூட்டை இருக்கறவனுக்குக் கன்னத்துல வைக்கக் கை ஏதுலே?

எட்டயபுரத்துக்காரர் பாரதி கதை அதுக்கு மேல. புதுச்சேரியில உக்காந்து குயில் பாட்ட எழுதுனாரு. எழுதி முடிச்சுட்டு, இதுக்கு வேதாந்தமாப் பொருள் சொல்ல எடமிருந்தா நீங்களே சொல்லுங்கன்னு புலவர்மாரு தலையில கட்டிட்டு நைசா நழுவிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அவங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க. நம்ம ஆளா இருந்தா மாந்தோப்புக்கு வேன் வச்சுக் கூட்டிட்டுப் போயி, இந்தக் கெளையிலதான் குயில் இருந்துச்சுன்னு செல்பி எடுத்துருப்பான்.

பாரதி பொஸ்தகம் போட்ட லட்சணத்தயும் கேளு. ‘பாஞ்சாலி சபதம்’ 1912-ல அச்சாச்சு. முதல் பாகம் மட்டும். ரெண்டாம் பாகம் வந்தது 1924-ல. மனுசன் 1921-லயே போயிட்டாரு. போறதுக்கு மொத வருசம் ஒரு திட்டம் போட்டாரு பாரு, யம்மாடி! எழுதுனத எல்லாம் 40 பொஸ்தகமாப் போடணும், ஒவ்வொண்ணும் 10,000 காப்பி. ஆக நாலு லட்சம். அதுக்குக் கடன் கேட்டுக் கூட்டாளிகளுக்குக் கடுதாசி. தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் மாதிரி சனங்க வாங்கிட்டுப் போவாங்கன்னு நம்பிக்கை. நடக்கல. பொறவு 1949-ல அரசாங்கமே அவரு எழுத்தோட உரிமைய வாங்குச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, இப்ப அவரு ஊரச் சுத்தித் தீப்பெட்டி ஆபீஸா இருக்கு. தீப்பெட்டி நல்லாத்தான் விக்குது. ஒரு ரூவாயா இருந்தது, 2021 டிசம்பர்ல ரெண்டு ரூவா ஆச்சு, அப்பவும் விக்குது.

நம்ம தெக்குத்தெருக்காரன் 50 காப்பி அடிச்சான். இப்ப அப்படி அடிக்க வசதி இருக்கு, கேட்ட அளவுக்குப் போட்டுத் தாரான். பத்து மாமன் மச்சானுக்கு, பத்து பேச வந்தவங்களுக்கு, மிச்சம் கண்ணாலம் காச்சியில மொய்க்குப் பதிலா. தீந்துபோச்சு. உடனே இன்னொரு 50. அட்டையில ‘இரண்டாம் பதிப்பு’ன்னு தங்க எழுத்து! தப்புன்னு சொல்லுவியா? கணக்கு சரிதான?

கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கையில எனக்கும் ஒரு பொஸ்தகம் குடுத்தான். 150 ரூவா. சொந்தக்காரன்னு பத்து ரூவா தள்ளுபடி. பழைய புத்தி, எழுத்துப்பிழை தேடிப் பொரட்டுனேன். கடைசிப் பக்கத்துல நாலே வரி. அவங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருசம் குச்சி அடுக்குனவ, தெரியும்லா? அவ தூங்குறா. தூக்கத்துலயும் வெரலு மட்டும் பாய் மேல குச்சி அடுக்குது. அவ்வளவுதான் கவிதை. நான் டீயக் கீழ வச்சுட்டேன்.

‘இதுக்கு ஒண்ணும் சொல்லலியேலே மேடையில?’ன்னு கேட்டேன்.

‘அதா தாத்தா? அதுக்குச் சொல்ல என்ன இருக்கு? பதினாறு பதினாறு பக்கமாத்தான் ஃபாரக் கணக்காம். ஒரு பக்கம் காலியாக் கெடக்குன்னு பதிப்பகத்துக்காரர் போன் பண்ணாரு. பஸ்ஸுல வரும்போது எழுதி அனுப்புனேன்’னான். சொல்லும்போதே வெக்கம் வேற.

நெருடாவும் இல்ல, நடுராத்திரியும் இல்ல. ஒரு பக்கம் காலி. அம்புட்டுதான் ஊத்துக்கண்ணு. நான் அவங்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொன்னா அடுத்த கூட்டத்துல அதுக்கும் இருவது நிமிசம் பேசுவான்.

சரி, நீ எதுக்கு அப்ப இருந்து சட்டைப் பையத் தொட்டுத் தொட்டுப் பாக்க? நீயும் என்னமோ எழுதி வச்சிருக்கியாம்லா, உங்க அம்மா சொன்னா. எங்க, எடு. அது எப்படி வந்துச்சுன்னா தாத்தான்னு ஆரம்பிக்காத. அந்த மாடத்துல என் கண்ணாடி இருக்கு, அத எடுத்துட்டு வா.