இருமத் தெம்பில்லாத பிள்ளைக்கு: கேள்வி-பதில்

கேள்வி: மகனுக்கு டுஷென் தசைச்சிதைவு நோய். இந்த ஆண்டு நடப்பதும் நின்றுவிட்டது. ஆனால் மூச்சுத்திணறல் இல்லை. பிறகு எதற்கு நுரையீரல் டாக்டர்?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: மூச்சிரைக்க வேண்டுமானால் ஓட வேண்டும், படி ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவனுக்கு ஏது இரைப்பு? ஆனால் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் சத்தமில்லாமல் நலிந்துகொண்டிருக்கும். அதை ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஐந்தாறு வயதிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை, நடை நின்றபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். உடனே போங்கள், அம்மா.

கேள்வி: பலூன் ஊதினால் நுரையீரல் பலப்படுமா?
- ஒரு தாத்தா, மதுரை

பதில்: இந்த நோயில் பலப்படாது. ஆசைக்கு ஊதட்டும், களைக்கும்வரை ஊதச் சொல்லாதீர்கள்.

கேள்வி: சாதாரண சளி, மூன்றே நாளில் நிமோனியா என்கிறார்கள். ஏன் இப்படி?
- ஒரு தந்தை, திருச்சி

பதில்: இருமல் பலமாக வராததால்தான். நன்றாக இரும, முதலில் நெஞ்சு நிறையக் காற்று வேண்டும். பிறகு வயிற்றுத் தசை அதை வெடுக்கென்று வெளியே தள்ள வேண்டும். இவனுக்கு இரண்டுமே குறைவு. வளர்ந்த பிள்ளைகளுக்கு இருமல் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால், கைகொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எப்படி? கையால் அமுக்கிக் காற்றேற்றும் ஆம்பு பையை வாயில் பொருத்தி ஒரு அமுக்கு. மூச்சை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மேலே இன்னொரு அமுக்கு, முடிந்தால் மூன்றாவது. நெஞ்சு மேலெழுவது கண்ணுக்கே தெரியும். அவன் இருமும் அதே நொடியில் விலாவுக்குக் கீழே உள்ளங்கையால் உள்ளேயும் மேலேயும் தள்ள வேண்டும். சாப்பிட்டவுடன் கூடாது. பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பழகாமல் வீட்டில் தொடங்கவும் கூடாது. காற்றை ஏற்றி, சட்டென்று உறிஞ்சும் காஃப் அசிஸ்ட் மெஷினும் இருக்கிறது. விலைதான் அதிகம்.

கேள்வி: இந்த நோயுள்ள என் மாணவன் காலையில் தலைவலி என்கிறான், வகுப்பில் தூங்குகிறான். சோம்பலா?
- ஒரு ஆசிரியை, நெல்லை

பதில்: சோம்பல் இல்லை, டீச்சர். தூக்கத்தில் மூச்சின் ஆழம் குறைந்து கரியமில வாயு தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். பெற்றோரிடம் இன்றே சொல்லுங்கள். பரிசோதித்து, தேவையானால் இரவில் மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணை செய்யும் பைபாப் மெஷின் தருவார்கள்.

கேள்வி: வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா?
- ஒரு சித்தப்பா, சேலம்

பதில்: நீங்களாக வேண்டாம். காற்றை இழுத்துவிடும் தசைதான் இங்கே பழுது. ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் மீட்டர் 98 காட்டும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி போனாலும் பைபாப் மெஷினைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: மூச்சுக்கு மெஷின் வைத்தால் கடைசிக் கட்டம் என்றுதானே அர்த்தம்?
- ஒரு பாட்டி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, பாட்டி. இங்கிலாந்தின் நியூகாசில் டாக்டர்கள் 2002இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1960களில் இந்தப் பிள்ளைகள் இறந்த சராசரி வயது 14.4. 1990க்குப் பிறகு வென்டிலேட்டர் உதவி பெற்றவர்களுக்கு அது 25.3. இரவு மாஸ்க்கோடு தூங்கி, பகலில் பள்ளிக்கூடம் போகலாம். பேரன் மாஸ்க் மாட்ட மறுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குங்கள். கரண்ட் போனாலும் மெஷின் ஓட பேட்டரிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.