தாத்தாவைத் தேடி எழும்பூருக்கு

கேள்வி: எங்கள் முன்னோர் பெயர்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில் கிடைக்குமா?
– வாசகர், தீர்த்தமலை

பதில்: நிலம் வைத்திருந்தார்களா? அப்படியானால் நம்பிக்கையோடு போங்கள். பேரன் மறந்தாலும், வரி கட்டியவரை சர்க்கார் லேசில் மறக்காது! எழும்பூர் காப்பகத்தில் உங்கள் இன்றைய மாவட்டமான 'தர்மபுரி'யை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1965 வரை உங்கள் ஊர் சேலம் மாவட்டம். அதற்கும் முன்னே, பாராமகால் என்ற பகுதி. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து அது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும், கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். அந்த நில வரிக் கணக்குகளைக் கேளுங்கள். கோயில் மானியம் அனுபவித்த குடும்பமென்றால் இனாம் பதிவேடுகளையும் கேளுங்கள். கிளம்புமுன் வீட்டுப் பரணில் பழைய பட்டா, பத்திரம் இருக்கிறதா பாருங்கள். அதிலுள்ள சர்வே எண் பெரிய துணை. குத்தகைக்கும் கூலிக்கும் உழுதவர்கள் இந்த ஏடுகளில் அரிதாகவே வருகிறார்கள். அவர்களுக்காக, ஊர்ப் பாட்டிகளிடம் இன்றே உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள்.