பெசன்ட் நகர் இலக்கணம்

பெசன்ட் நகர் எந்தத் திணை என்று கேட்டால், கடல் இருப்பதால் நெய்தல் என்று சட்டெனச் சொல்வோர் அவசரக்காரர். தூங்குமூஞ்சி மரமும் புங்கையும் அவென்யூக்களை மூடி நிற்பதால் முல்லை என்று வாதிடவும் இடமுண்டு. எனவே திணைமயக்கம் எனக் கொள்க. உரிப்பொருள் மட்டும் ஐயமின்றி நெய்தலுக்குரிய இரங்கலே. ஞாயிறு மாலை கார் நிறுத்த இடம் தேடி மூன்றாம் முறை சுற்றி வருவோர் முகமே சான்று.

தெய்வம்: நெய்தலுக்கு வருணன் ஒருவன் போதும் என்பது பழைய விதி. இங்கே அன்னை வேளாங்கண்ணி உண்டு, அஷ்டலட்சுமி எண்மர் உண்டு. அறுபடை வீடு கோயில் முருகனை ஒருவராக எண்ணுவதா அறுவராக எண்ணுவதா என்பதில் உரையாசிரியர்கள் இன்னும் உடன்படவில்லை.

நடுகல்: ஒன்றே. 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிய டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டுக்கு எழுப்பிய வெள்ளை வளைவு. அதன்முன் செல்ஃபி எடுப்போர் பலர். கல்வெட்டைப் படிப்போர் சிலர்.

பூங்கா மாந்தர் இருவகையர்: மருத்துவர் சொன்னதால் நடப்போர், மருத்துவர் சொல்லியும் உட்கார்வோர். முன்னவருள் ஓர் உட்பிரிவு உண்டு. நான்கு சுற்று முடித்து, வாசலில் அருகம்புல் சாறு குடித்து, அந்தக் கசப்புப் போக எதிர்க்கடையில் இரண்டு மெதுவடை தின்போர் அவர். இவர்களைப் பின்னவரோடு சேர்த்து எண்ணுவதே முறை என்பது என் துணிபு.

யாமம்: இதுவும் இரண்டு. முன்யாமத்துக்குரியவை மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடும் துப்பாக்கி, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், காதலர். போலீஸ் ஜீப் வந்து விசிலடிக்க, இது முடியும்.

பின்யாமமே இவ்வூரின் மெய்யான இரவு வாழ்க்கை. ஆண்டின் முதல் சில மாதங்களில், மீனவர் பங்குனி ஆமை என்று சொல்லும் கடலாமை இருட்டில் கரையேறும். பின்துடுப்புகளால் குடம்போலக் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டை இட்டு, மணலை மூடி, தன் உடம்பாலேயே தட்டிச் சமன்செய்துவிட்டுத் திரும்பும். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து இவ்வூர் வரை இரவெல்லாம் நடந்து அந்தத் தடம் தேடுகிறார்கள். முட்டைகளை எடுத்துவந்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் கடலுக்குப் போகின்றன. வந்த இடத்தில் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றுகூட விட்டுச்செல்லாத இந்த உயிரை அஃறிணையில் வைத்த இலக்கணத்தோடு எனக்கு வழக்கு உண்டு.

புறனடை: மாணவர் கண்ணுக்குத் தப்பிய குழிகளும் உண்டு. அவற்றில் பொரிக்கும் குஞ்சு, வெளிச்சம் உள்ள பக்கமே கடல் என்று நம்பி நகரும். கரையோரம் வீடுள்ளவர்கள் அந்த மாதங்களில் மட்டுமாவது கடல் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள்.